கலிஃபோர்னியாவில் சில வீடுகள் கட்டப் போகிறீர்களா? தெரு, தண்ணீர், சாக்கடைக் கட்டணங்களைச் சிட்டியிடம் பேசி முடிப்பது எப்படி

பழைய வீடு ஒன்று நிற்கும் பெரிய மனையை வாங்கி, இடித்துவிட்டு ஐந்தாறு டவுன்ஹவுஸ் (சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்) கட்டலாம் என்று நம்மவர்கள் பலர் இறங்குகிறார்கள். நிலத்தின் விலை, கட்டுமானச் செலவு, வங்கி வட்டி எல்லாம் கணக்கில் இருக்கும். சிட்டி கேட்கும் கட்டணங்களும், சிட்டி செய்யச் சொல்லும் தெரு வேலைகளும் மட்டும் "இதர செலவு" என்று ஒரே வரியில் கிடக்கும். பெர்மிட் வாங்கப் போகும் நாளில் அந்த ஒரு வரிதான் திட்டத்தின் லாபத்தை விழுங்கும்.

எனக்கு இதைச் சொல்லித்தர யாரும் இல்லை. கவுன்ட்டரில் இருப்பவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். கேட்காததைச் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பேரம் என்றதும் சந்தையில் விலை குறைப்பது போல நினைக்க வேண்டாம். இங்கே செல்லுபடியாவது மூன்றே விஷயம்: சிட்டியின் சொந்த ஆவணம், உங்கள் கணக்கு, சட்டம் வைத்திருக்கும் தேதி. மூன்றும் கையில் இருந்தால் பல ஊழியர்கள் உங்கள் பக்கம் நின்றே வேலையை முடித்துத் தருவார்கள்.

கீழே உள்ளது கலிஃபோர்னியா விதி. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் வேறு சட்டம், வேறு கெடு. அங்கே இதை அப்படியே பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

1. கட்டணங்களை நான்காகப் பிரித்து எழுதுங்கள்

எல்லாவற்றையும் "ஃபீ" என்று சொல்லிக் குழப்பிக்கொள்வதுதான் முதல் சிக்கல். ஒவ்வொரு வகைக்கும் சட்டம் வேறு, பேசவேண்டிய ஆள் வேறு.

இம்பாக்ட் ஃபீ: உங்கள் வீடுகளால் கூடும் போக்குவரத்து, பூங்காத் தேவை, தீயணைப்புத் தேவை ஆகியவற்றுக்காக வாங்குவது. இதை ஆள்வது மிட்டிகேஷன் ஃபீ ஆக்ட்; கவர்ன்மென்ட் கோடில் 66000-இல் தொடங்கும் பிரிவுகள்.

கெப்பாசிட்டி சார்ஜ்: தண்ணீர்க் குழாயிலும் சாக்கடையிலும் உங்களுக்கு ஒதுக்கும் கொள்ளளவுக்கான பணம். இதற்கு 66013-ஆம் பிரிவு. சேவையைத் தர ஆகும் நியாயமான மதிப்பீட்டுச் செலவுக்கு மேல் வாங்கக்கூடாது என்பது பொது விதி. பல ஊர்களில் இதை வாங்குவது சிட்டி அல்ல, தனியாக இயங்கும் வாட்டர் டிஸ்ட்ரிக்ட்டும் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட்டும்.

சேவைக் கட்டணம்: பிளான் செக், இன்ஸ்பெக்‌ஷன், என்க்ரோச்மென்ட் பெர்மிட் (பொதுத் தெருவில் வேலை செய்ய அனுமதி). இதில் குறைக்க அதிகம் இல்லை. டெபாசிட்டாக வாங்கியிருந்தால் மீதம் திரும்ப வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

நான்காவதுக்குப் பணமாக விலை எழுதியிருக்காது. உங்கள் மனைக்கு முன்னால் கர்ப் (தெரு ஓரக் கல்), கட்டர் (ஓர வாய்க்கால்), சைட்வாக், தெருவிளக்கு போடு; தெருவுக்கு ஐந்தடி நிலம் கொடு; மின்கம்பியைத் தரைக்கடியில் கொண்டுபோ என்று நிபந்தனையாக வருவது. இதற்கு ரசீது கிடையாது என்பதால் பலர் மதிப்பே போடுவதில்லை. நிறையத் திட்டங்களில் மற்ற மூன்றையும் விடப் பெரிய தொகை இதுதான்.

பள்ளிக் கட்டணம் இந்த நான்கிலும் சேராது. அது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்குச் சதுர அடிக் கணக்கில் போவது. அந்தப் பணத்தைக் கட்டியதற்கான சான்றிதழ் இல்லாமல் பில்டிங் பெர்மிட் வராது.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

சிட்டிகள் தங்கள் கட்டணப் பட்டியலை இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது 2019-இல் வந்த ஏ.பி. 1483 சட்டத்தின் கட்டளை. பட்டியலோடு நிற்காதீர்கள். கீழே உள்ளவை எல்லாம் வேண்டும்:

- நெக்ஸஸ் ஸ்டடி. கட்டணத்துக்கும் அதனால் நடக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று காட்டும் அறிக்கை.
- அதில் சொல்லும் வேலைகளின் பட்டியல், அதாவது கேப்பிட்டல் இம்ப்ரூவ்மென்ட் ப்ரோக்ராம்.
- ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 180 நாளுக்குள் சிட்டி வெளியிட வேண்டிய கட்டணக் கணக்கு அறிக்கை.
- உங்கள் மனைக்குப் பக்கத்தில் சமீபத்தில் அனுமதி பெற்ற இரண்டு மூன்று திட்டங்களின் ஸ்டாஃப் ரிப்போர்ட்டும் நிபந்தனைகளும்.

இணையத்தில் இல்லாததைப் பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட் மூலம் சிட்டி கிளார்க்கிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தர முடியுமா முடியாதா என்று பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆவணம் கைக்கு வர இன்னும் ஆகலாம். ஆகவே நிலத்துக்கு எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தை நடுவரிடம் வைக்கும் கணக்கு) திறந்த வாரமே கேட்டுவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

நெக்ஸஸ் ஸ்டடி நூறு பக்கம் இருந்தால் மிரள வேண்டாம். மூன்று இடம் போதும். எந்தெந்த வேலைக்குப் பணம் சேர்க்கிறார்கள் என்ற அட்டவணை. ஒரு வீட்டுக்கு எத்தனை வண்டிப் பயணம் என்று வைத்திருக்கிறார்கள் என்ற அட்டவணை. ஏற்கெனவே இருக்கும் குறைபாட்டுக்கு எவ்வளவு, புதுக் கட்டடங்களுக்கு எவ்வளவு என்று செலவைப் பிரிக்கும் பகுதி. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். தெரு இன்றைக்கே நெரிசலாக இருந்தால் அந்தப் பழைய குறையைத் தீர்க்கும் செலவைப் புதிதாகக் கட்டுகிறவர் தலையில் வைக்கக்கூடாது என்று 66001-ஆம் பிரிவு சொல்கிறது.

பக்கத்துத் திட்டங்களின் நிபந்தனைகளை எடுப்பது வெறும் ஒப்பீட்டுக்காக அல்ல. அதே தெருவில் இன்னொருவருக்குச் சைட்வாக் மட்டும் கேட்டுவிட்டு உங்களிடம் தெருவையே அகலப்படுத்தச் சொன்னால், "என்ன வித்தியாசம்?" என்று மரியாதையாகக் கேட்க அந்தக் காகிதம் உதவும்.

3. விகிதத்தைப் பூட்டுங்கள்

கட்டணங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏறும். பெரும்பாலான சிட்டிகளில் நிதியாண்டு தொடங்கும் ஜூலை 1-ஆம் தேதி புது விகிதம் வரும். இது தவிர, புது ஆய்வு முடிந்ததும் மொத்தமாக உயர்த்துவதும் உண்டு. அந்த உயர்வு முடிவெடுத்து 60 நாளாவது கழிந்த பிறகுதான் அமலாகும்.

வீட்டுத் திட்டம் என்றால் உங்களுக்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. 2019-இன் எஸ்.பி. 330 சட்டப்படி ப்ரிலிமினரி அப்ளிகேஷன் கொடுத்து, அதற்கான கட்டணத்தையும் கட்டிவிட்டால், அன்றைக்கு அமலில் இருந்த விதிகளும் கட்டணங்களும்தான் உங்களுக்கு. செலவுக் குறியீட்டின்படி தானாக ஏறும் ஆண்டு உயர்வு மட்டும் சேரும். இது முழு வரைபடம் இல்லாமலே கொடுக்கக்கூடியது. சைட் பிளான், முகப்பு வரைபடம், வீடுகளின் எண்ணிக்கை, சதுர அடி, பார்க்கிங் போன்ற பட்டியலிட்ட விவரங்கள் போதும்.

பூட்டு கழன்றுபோகும் இடங்கள் இவை. கொடுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் முழு விண்ணப்பம் போக வேண்டும். பிறகு வீடுகளின் எண்ணிக்கையோ கட்டடப் பரப்போ 20 சதவீதமோ அதற்கு மேலோ மாறினால் போய்விடும். இறுதி அனுமதிக்குப் பின் இரண்டரை ஆண்டுக்குள் கட்டத் தொடங்காவிட்டாலும் போய்விடும். ஆர்க்கிடெக்ட் நடுவில் "ஒரு மாடி கூட்டலாமே" என்றால் முதலில் இந்த 20 சதவீதத்தைப் பாருங்கள். முழுக்க முழுக்கக் கடை வளாகம், மோட்டல் கட்டுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

4. விண்ணப்பத்துக்கு முந்தைய கூட்டம்

இதைத் தவிர்க்காதீர்கள். பிளானர் மட்டும் வந்தால் போதாது. பப்ளிக் வொர்க்ஸ் துறையில் லேண்ட் டெவலப்மென்ட் பார்க்கும் இன்ஜினியர் கட்டாயம் இருக்க வேண்டும். தெரு வேலை நிபந்தனைகளை எழுதப் போவது அவர்தான். தீயணைப்புத் துறை ஆள் வந்தால் இன்னும் நல்லது. ஹைட்ரன்ட் (தெருவோரத் தீயணைப்புக் குழாய்), வண்டி திரும்பும் இடம் எல்லாம் அவர் கையில்.

உங்கள் பக்கத்தில் சிவில் இன்ஜினியரை அழைத்துப்போங்கள். அந்த ஊரில் ஏற்கெனவே வேலை செய்தவராகப் பிடியுங்கள். எந்த இன்ஜினியர் எதை விட்டுக்கொடுப்பார் என்பது அவருக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் வக்கீல் வேண்டாம். வக்கீலைப் பார்த்ததும் சிட்டியும் தன் வக்கீலைக் கேட்டுத்தான் பேசும், எல்லாம் தாமதமாகும்.

கேட்க வேண்டியவை: இந்தத் தெருவுக்கு ஜெனரல் பிளானில் (ஊரின் நீண்டகாலத் திட்டத்தில்) என்ன அகலம்? நிலம் கேட்பீர்களா, எத்தனை அடி? மெயின் குழாய் எந்த அளவு, மாற்றச் சொல்வீர்களா? மின்கம்பம் நகர வேண்டுமா? இடிக்கும் வீட்டுக்குக் கிரெடிட், அதாவது கட்டணக் கழிவு, உண்டா? அதற்கு என்ன சான்று வேண்டும்?

கூட்டம் முடிந்த அன்றே, பேசியதை எல்லாம் வரிசையாக எழுதி, "நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் திருத்துங்கள்" என்று எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நடுவில் ஊழியர் மாறுவது சர்வசாதாரணம். புதிதாக வருபவருக்கு அந்த மின்னஞ்சல் ஒன்றுதான் சாட்சி.

5. கணக்கைப் போடுங்கள்

பணம் உண்மையில் குறையும் இடம் இதுதான். இரண்டு கணக்கை விரிவாகக் காட்டுகிறேன்.

முதலில் போக்குவரத்து. பல சிட்டிகள் மாலை நெரிசல் நேரத்தில் கூடும் வண்டிப் பயணத்தை வைத்துக் கட்டணம் போடுகின்றன. அந்த எண்ணிக்கை ஐ.டி.இ. என்ற போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பின் ட்ரிப் ஜெனரேஷன் மேனுவலிலிருந்து வருகிறது. அதன் 11-ஆம் பதிப்பில், தனி வீடு ஒன்றுக்கு மாலை நெரிசல் மணியில் 0.94 பயணம், ஒட்டிக் கட்டிய வீட்டுக்கு 0.57.

இரண்டு பழைய தனி வீடுகளை இடித்து எட்டு டவுன்ஹவுஸ் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். ஒரு பயணத்துக்கு 6,000 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் வைத்த தொகை. கவுன்ட்டரில் "ரெசிடென்ஷியல், எட்டு" என்று தட்டினால் தனி வீட்டு விகிதத்தில் 7.52 பயணம், 45,120 டாலர் வரும். ஒட்டிய வீடு என்ற சரியான வகையில் போட்டால் 4.56 பயணம், 27,360 டாலர். இடிக்கும் இரண்டு வீடுகளின் 1.88 பயணத்தைக் கழித்தால் மிச்சம் 2.68, தொகை 16,080 டாலர். யாரிடமும் சலுகை கேட்கவில்லை, சட்டச் சண்டை இல்லை; வகையும் கிரெடிட்டும் சரியாகப் போட்டதுதான்.

ஆனால் கிரெடிட்டுக்குச் சான்று வேண்டும். இடிப்பதற்கு முன்பே வீட்டின் புகைப்படம், கவுண்டி அசெசர் (சொத்து வரி மதிப்பீட்டாளர்) பதிவு, கடைசித் தண்ணீர் மின்சார பில்கள், டெமாலிஷன் பெர்மிட்டின் நகல் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். வீடு காலியாகி இத்தனை ஆண்டுக்குள் புதிதாகக் கட்டினால்தான் கிரெடிட் என்று சில சிட்டிகளின் ஆணையில் கெடு இருக்கும். அக்கம்பக்கத்தார் புகாருக்குப் பயந்து முன்கூட்டியே இடித்துவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் அனுமதிக்குக் காத்திருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

கட்டணம் பயணக் கணக்கில் இல்லாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று இருந்தால், நெக்ஸஸ் ஸ்டடியின் தேதியைப் பாருங்கள். ஏ.பி. 602 வந்த பிறகு, 2022 ஜூலை 1-க்குப் பின் ஏற்கப்பட்ட ஆய்வு வீட்டுக் கட்டணத்தைச் சதுர அடிக்கு ஏற்பப் போட வேண்டும். வேறு அளவுகோல் வைத்தால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். உங்கள் வீடுகள் சிறியவை என்றால் இது பெரிய ஆதாயம். மனையில் கூடுதல் சிறுவீடு, அதாவது ஏ.டி.யு. மட்டும் கட்டுகிறீர்கள், அது 750 சதுர அடிக்கும் குறைவு என்றால் இம்பாக்ட் ஃபீயே கிடையாது.

அடுத்தது தண்ணீர் மீட்டர். கெப்பாசிட்டி சார்ஜ் பெரும்பாலும் மீட்டரின் அளவுக்கு ஏற்ப ஏறும். வழக்கமான கொள்ளளவு: 5/8 அங்குல மீட்டருக்கு நிமிடத்துக்கு 20 கேலன், முக்கால் அங்குலத்துக்கு 30, ஒரு அங்குலத்துக்கு 50. அதாவது மிகச் சிறியதிலிருந்து ஒரு அங்குலத்துக்குப் போனால் கட்டணம் இரண்டரை மடங்கு. புது வீடுகளிலும் டவுன்ஹவுஸிலும் ஸ்பிரிங்க்ளர் (தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்) கட்டாயம் என்று 2011 முதல் இருப்பதால், "ஒரு அங்குலம் போட்டுவிடுங்கள்" என்று பிளம்பர் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எட்டு வீட்டுக்கும் பெருகும்.

செய்ய வேண்டியது: ஸ்பிரிங்க்ளர் வடிவமைப்பவரிடம் ஹைட்ராலிக் கணக்கு வாங்குங்கள். மெயினில் அழுத்தம் நன்றாக இருந்தால் சிறிய மீட்டரே தாங்கலாம். தாங்காவிட்டால் டிஸ்ட்ரிக்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள்: "மீட்டர் பெரிதானது தீயணைப்புக்காக மட்டும், கட்டணத்தை வீட்டு உபயோகத் தேவைக்கு ஏற்ற அளவில் போடுவீர்களா?" இதற்கு இடம் தரும் விதி பல டிஸ்ட்ரிக்ட்டுகளில் உண்டு. பழைய வீட்டின் மீட்டருக்கும் சாக்கடை இணைப்புக்கும் கிரெடிட் கேட்கவும் மறக்காதீர்கள். பழைய மீட்டர் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

6. தெரு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இலும் 1994-இலும் தந்த இரு தீர்ப்புகளின் சாரம் இது: அனுமதி தருவதற்குப் பதிலாகக் கேட்கும் நிலமோ வேலையோ, உங்கள் திட்டத்தின் பாதிப்போடு தொடர்புள்ளதாகவும் அதற்கு ஏறத்தாழ ஈடானதாகவும் இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் எல் டொராடோ கவுண்டி வழக்கில், எல்லாருக்கும் பொதுவாகச் சட்டமாகப் போட்டது என்பதால் மட்டும் ஒரு கட்டணம் இந்தச் சோதனையிலிருந்து தப்பாது என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தக் கட்டணம் செல்லாது என்று அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. மறுபடி பார்க்கும்படி கீழே அனுப்பினார்கள். எனவே "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கட்ட மாட்டேன்" என்று போய் நிற்காதீர்கள். "இந்த வேலைக்கும் என் ஆறு வீட்டுக்கும் உள்ள விகிதத்தை எழுத்தில் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பல நிபந்தனைகள் இளகும்.

உங்கள் மனைக்கு முன்னால் சைட்வாக், கர்ப் என்றால் பெரும்பாலும் செய்யத்தான் வேண்டும். அதில் சக்தியை வீணாக்காதீர்கள். பேசவேண்டியது உங்கள் எல்லைக்கு வெளியே கேட்பதைத்தான்: சிக்னல், தூரத்துச் சந்திப்பு, பெரிய மெயின் குழாய், தெரு முழுவதுக்கும் தார்.

சிக்னலுக்குப் பங்கு கேட்டால் கணக்கு எளிது. உங்கள் திட்டத்தின் பயணத்தை, அந்தச் சந்திப்பில் வருங்காலத்தில் கூடப்போகும் மொத்தப் பயணத்தால் வகுங்கள். கூடப்போவது 300, உங்களுடையது 6 என்றால் 2 சதவீதம். அதற்குமேல் கேட்டால் அடிப்படை என்ன என்று கேட்கலாம். அந்தச் சிக்னல் ஏற்கெனவே இம்பாக்ட் ஃபீ பட்டியலில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் ஒரே வேலைக்கு இருமுறை வாங்குகிறார்கள். ஒன்றைக் கழிக்கச் சொல்லுங்கள்.

குழாய் விஷயத்தில் வரும் சிக்கல் வேறு. உங்களுக்கு ஆறு அங்குலம் போதும்; அக்கம்பக்கத்து நிலங்களும் நாளை கட்டப்படும் என்று எட்டு அங்குலம் போடச் சொல்வார்கள். நிலத்தைப் பிரிக்கும் மேப் திட்டமாக இருந்தால், கூடுதல் அளவுக்கான செலவைத் திருப்பித்தரும் ஒப்பந்தத்துக்கு சப்டிவிஷன் மேப் ஆக்டின் 66485 முதல் வரும் பிரிவுகளில் வழி இருக்கிறது. ஆனால் வேலை முடிந்தபின் கேட்டால் தலையசைப்பார்களே தவிர காகிதம் வராது. இறுதி மேப்புக்கு முன் கையெழுத்தாக வேண்டும். அந்தப் பணம் அக்கம்பக்கத்து நிலங்களில் மற்றவர்கள் வீடு கட்டும்போதுதான் வரும், கெடு முடிந்தால் வராமலும் போகும் என்பதால் அதைப் பட்ஜெட்டில் வரவாக எழுத வேண்டாம்.

இங்கே யாரும் எச்சரிக்காத பொறி ஒன்று உண்டு. சிட்டி உங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலோ, செலவைத் திருப்பித்தந்தாலோ, அது பொதுப் பணம் என்று கணக்காகி, லேபர் கோட் 1720-ஆம் பிரிவின்படி ப்ரிவெய்லிங் வேஜ் (அரசு நிர்ணயித்த விகிதம்) கூலி தர வேண்டிய நிலை வரலாம். நிபந்தனையாகச் சொன்ன பொது வேலைக்கு மட்டும், அதன் செலவுக்கு மேல் போகாமல் பணம் வந்தால் திட்டத்தின் மற்றப் பகுதிக்கு அது பரவாதபடி விலக்கு உண்டு. எனவே சலுகையை எந்த வடிவில் வாங்குகிறோம் என்பது பெரிய விஷயம். கிரெடிட், ரீஇம்பர்ஸ்மென்ட் எதிலாவது கையெழுத்திடும் முன் இதை மட்டும் வக்கீலிடம் கேளுங்கள். இதற்குக் கொடுக்கும் மணிக் கூலி வீண்போகாது.

"இப்போது வேண்டாம், பிறகு செய்கிறேன்" என்று டெஃபர்ட் இம்ப்ரூவ்மென்ட் அக்ரிமென்ட் போடலாம் என்பார்கள். அது நிலப் பத்திரத்தோடு பதிவாகும். வீட்டை வாங்குபவர்கள் தலையில் விழும். விற்கும்போது டைட்டில் ரிப்போர்ட்டில் (நில உரிமை அறிக்கையில்) தெரியும். முடிந்தால் அதற்குப் பதிலாகப் பணமாகக் கட்டிவிட்டு முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

7. வரைவு நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள்

பிளானிங் கமிஷன் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் 72 மணி நேரத்துக்கு முன்புதான் வெளியாக வேண்டும் என்று சட்டம். அதுவரை காத்திருந்தால் வாரக்கடைசியில் படித்துவிட்டுத் திங்கட்கிழமை போய் நிற்க வேண்டிவரும். இரண்டு வாரம் முன்பே வரைவு வேண்டும் என்று பிளானரிடம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

தேடவேண்டிய சொற்றொடர்: "சிட்டி இன்ஜினியர் திருப்தியடையும் வகையில்." நான் பார்த்த ஒரு வரைவில், "தெரு முகப்பு மேம்பாடுகளை சிட்டி இன்ஜினியர் திருப்தியடையும் வகையில் அமைக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. எத்தனை அடி, எங்கிருந்து எங்கே, எதெல்லாம் என்று ஒன்றும் இல்லை. இதை அப்படியே ஏற்றால் பிளான் செக்கில் எது வேண்டுமானாலும் சேரும். "மனையின் தெற்கு எல்லை நெடுகிலும் 96 அடி நீளத்துக்கு, தரநிலை வரைபடப்படி கர்ப், கட்டர், ஐந்தடி சைட்வாக்" என்று மாற்றி எழுதித் தாருங்கள். நீங்களே வாசகத்தை எழுதிக்கொடுத்தால் ஊழியருக்கும் வேலை மிச்சம், பெரும்பாலும் ஏற்பார்கள். கட்டணத்துக்கும் இப்படியே: எந்தத் தேதி விகிதம், எந்த வகை, எவ்வளவு கிரெடிட் என்று நிபந்தனையிலேயே எழுத்தாக வரட்டும்.

ஒத்துவராத ஓரிரு விஷயம் மிச்சமிருந்தால் கமிஷன் முன் பேசுங்கள். ஒரு பக்கக் கணக்குத் தாளைக் கொடுத்துவிட்டுச் சுருக்கமாகப் பேசுவது எடுபடும். எல்லா நிபந்தனையையும் எதிர்ப்பவரை யாரும் கேட்பதில்லை. டென்டேட்டிவ் மேப் (நிலத்தைப் பிரிக்கும் தற்காலிக வரைபடம்) முடிவை மேல்முறையீடு செய்யப் பத்து நாள்தான். அந்தக் கூட்டத்து இரவே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

8. கட்டணத்தை எப்போது செலுத்துவது

வீட்டுத் திட்டங்களுக்கு இம்பாக்ட் ஃபீயை இறுதி இன்ஸ்பெக்‌ஷன் அல்லது குடியேறும் சான்றிதழ் வரை தள்ளிக் கட்டலாம் என்பது 66007-ஆம் பிரிவின் பொது விதி. விதிவிலக்குகள் உண்டு, அவற்றைக் காட்டி பில்டிங் பெர்மிட்டின்போதே கேட்கும் சிட்டிகள் பல. சிட்டிகள் இப்படி முன்கூட்டியே கேட்பதை 2025 முதல் எஸ்.பி. 937 இறுக்கியிருக்கிறது. 10 அல்லது அதற்குக் குறைவான வீடுகள் உள்ள திட்டமும் அதில் வருகிறது. தள்ளிக் கட்ட ஒப்பந்தம் ஒன்றைப் பதிவுசெய்யச் சொல்லலாம். கட்டுமானக் கடன் தரும் வங்கிக்கு முன்கூட்டியே காட்டுங்கள். தொகை குறையாவிட்டாலும் ஓராண்டு வட்டி மிஞ்சும்.

9. மறுப்புக் கடிதம்: 90 நாள்

பேசியும் ஒத்துவரவில்லை, ஆனால் வேலையை நிறுத்த முடியாது என்றால் 66020-ஆம் பிரிவு. முழுத் தொகையையும் கட்டிவிட்டு, அல்லது கெடுவில் கட்ட ஏற்பாடு செய்திருப்பதைக் காட்டிவிட்டு, மறுப்புத் தெரிவித்து எழுத்தில் கடிதம் தரலாம். கட்டுமானம் தடைபடாது.

பலர் ஏமாறுவது தேதியில். 90 நாள் என்பது பணம் கட்டிய நாளிலிருந்து ஓடுவது அல்ல. கட்டணத்தை விதித்த நாளிலிருந்து, அதாவது பெரும்பாலும் திட்டத்துக்கு அனுமதி தந்த நாளிலிருந்து ஓடுகிறது. அனுமதிக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் "90 நாள் காலம் தொடங்கிவிட்டது" என்ற பத்தி இருக்கிறதா பாருங்கள். வழக்குப் போடுவதென்றால் அந்த அறிவிப்பு கைக்கு வந்த நாளிலிருந்து 180 நாள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பணம் கட்டியாயிற்று அல்லது கட்டப்படும் என்ற வாசகம், எந்த உண்மைகளில் தகராறு, எந்தச் சட்ட அடிப்படையில். முகவரி சிட்டி கவுன்சிலுக்கு. சிட்டி கிளார்க் அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பிளானருக்கு அனுப்பிய மின்னஞ்சல் இதற்குச் சமமாகாது. தண்ணீர், சாக்கடைக் கெப்பாசிட்டி சார்ஜை இதே கடிதத்தில் கலக்க வேண்டாம். அதற்கு விதியும் வேறு, அமைப்பும் வேறு. இந்தக் கட்டத்தில் நிலச் சட்டம் பார்க்கும் வக்கீல் கட்டாயம் வேண்டும்.

10. பாண்டை மீட்பது

மேப் பதிவாகும் முன் தெரு வேலை முடிந்திராவிட்டால் உத்தரவாதம் கேட்பார்கள். வழக்கமாக வேலை மதிப்பில் 100 சதவீதத்துக்கு ஒரு பாண்ட் (உத்தரவாதப் பத்திரம்), கூலிக்கும் பொருளுக்குமாக 50 சதவீதத்துக்கு இன்னொன்று. மதிப்பை உங்கள் சிவில் இன்ஜினியர் போட, சிட்டி சரிபார்க்கும். இந்த மதிப்பீட்டின் மீதுதான் பல ஊர்களில் இன்ஸ்பெக்‌ஷன் கட்டணமும் சதவீதமாக வருகிறது. எனவே தேவையில்லாமல் உயர்த்திப் போட விடாதீர்கள்.

வேலை பெரும்பாலும் முடிந்து, மிச்சம் மொத்த உத்தரவாதத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற நிலை வந்ததும் பாண்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் குறைப்பதில்லை. எழுத்தில் கேட்டால் 45 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு பழுதுக்கான உத்தரவாதம் வழக்கமாக ஓராண்டு நிற்கும். அது முடிவதற்கு ஒரு மாதம் முன் இன்ஸ்பெக்டரை அழைத்து நடந்து பார்த்து, விரிசல் ஏதாவது இருந்தால் அப்போதே சரிசெய்து, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தைப் பாண்ட் நிறுவனத்துக்கு அனுப்பும்வரை பிரீமியம் ஓடிக்கொண்டே இருக்கும்.